கார்டு கையில் இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

கேட்ட தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஏழு வருடமாக வேளச்சேரியில் வாடகை வீட்டில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறார். வாக்காளர் அட்டை இன்னும் ஊர் முகவரியில்தான் இருக்கிறது, சென்னைக்கு மாற்றியே ஆக வேண்டுமா என்கிறார். அவருடைய தம்பிக்கு வரும் ஆகஸ்டில் 18 வயது முடிகிறது. மைத்துனர் துபாயில் வேலை பார்க்கிறார். போன வருடம் காலமான அப்பாவின் பெயர் ஊர்ப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. கடைசியாக ஒரு வரி: "கார்டு கையில் இருந்தால் ஓட்டுப் போட்டுவிடலாம்தானே ஐயா?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். மக்களை அதிகமாக ஏமாற்றம் அடைய வைத்த நம்பிக்கை இதுதான். ஒரு தேர்தலில் எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் காலை ஏழரை மணிக்கே பூத்துக்கு வந்துவிட்டார். பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, அதற்குள் மடித்துவைத்த வாக்காளர் அட்டை. பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் அவர் பெயரின் மேலேயே நீக்கப்பட்டது என்று குறுக்கே அச்சாகியிருந்தது. கண் ஆபரேஷனுக்காக நாலு மாதம் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். களச் சரிபார்ப்புக்குப் போன நேரத்தில் வீடு பூட்டியிருந்தது, குடிபெயர்ந்தவர் என்று குறித்துவிட்டார்கள். "இந்தா, படத்துல இருக்கறது நான்தானே" என்று அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தார். படத்தில் இருந்தது அவர்தான். ஆனாலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்கு இல்லை. அட்டை என்பது நீங்கள் யார் என்று காட்டுவது மட்டும்தான். அது இல்லாவிட்டாலும் ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசன்ஸ், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். பட்டியலில் பெயருக்கு மாற்று எதுவும் கிடையாது.

அதனால் இன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ செயலியிலோ அட்டையில் உள்ள எண்ணை அடித்து, பெயர் இப்போது இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் அது. போன் வசதிதான் என்றால் 1950 என்ற எண்ணைக் கூப்பிடலாம். போன தேர்தலில் ஓட்டுப் போட்டேனே என்று இருந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 முதல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. அதற்கு முன் சுமார் 6.41 கோடி பேர் இருந்த பட்டியல், டிசம்பர் 19-இல் வரைவாக வெளியானபோது சுமார் 5.44 கோடியாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் நீங்கின. அதில் மிகப் பெரிய பங்கு, 66 லட்சத்துக்கு மேல், "இடம் மாறியவர்" என்ற காரணத்தில் போனது. ஊரில் பெயரும் சென்னையில் வீடுமாக இருக்கும் உங்களைப் போன்றவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் வருவார்கள். ஆகவே பெயர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்காதீர்கள்.

சரி, யாருக்கு வாக்குரிமை? அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவும் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் கேட்பவை மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். தகுதி நாளில், அதாவது வயதைக் கணக்கிடும் நாளில், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். தகுதியிழப்பும் மூன்றே: குடிமகன் அல்லாதவர், மனநலம் குன்றியவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்தவர், தேர்தல் குற்றங்களால் வாக்குரிமை இழந்தவர். படிப்பு, சொத்து, வரி எதுவும் கேட்கப்படுவதில்லை. சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது, தடுப்புக் காவலில் இருப்பவர் தபாலில் வாக்களிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி, ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவருக்கு வாக்கு இல்லை. இலங்கையிலிருந்து வந்து முகாம்களில் இருப்பவர்களுக்கும் குடியுரிமை இல்லாததால் வாக்கு இல்லை. ஆனால் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். முகாமில் பிறந்த ஒருவர் இதைக் காட்டி நீதிமன்றம் போய் உரிமையை நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்த ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள் யாராவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியாது.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். "வழக்கமாகக் குடியிருப்பவர்" என்றால் என்ன? சட்டத்தின் 20-ஆவது பிரிவு இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். அதே சமயம் தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் குடியிருப்பை இழந்துவிடவும் மாட்டார். இத்தனை நாள், இத்தனை மாதம் என்று கணக்கு எதுவும் இல்லை. அலுவலகத்தில் நாங்கள் பார்த்தது எளிய விஷயங்களைத்தான். இரவில் எங்கே தூங்குகிறார், அடுப்பு எங்கே எரிகிறது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள்?

ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு, சென்னையில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறவர் ஊரிலேயே பெயரை வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. வீடு இன்னும் அங்கேதான். உங்கள் நிலை வேறு. குடும்பம், கேஸ் இணைப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் வேளச்சேரியில். சட்டப்படி நீங்கள் வேளச்சேரி வாக்காளர்தான். ஊர்ப்பாசம் எனக்கும் புரியும். தேர்தலுக்குப் பஸ் பிடித்துப் போய், பெரியப்பா வீட்டில் சாப்பிட்டு, படித்த பள்ளிக்கூடத்திலேயே வரிசையில் நிற்பது ஒரு சந்தோஷம். ஆனால் உங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கும்போது நீங்கள் தேடுவது சென்னை மாநகராட்சியின் கவுன்சிலரைத்தான். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், வார்டு வாரியான அந்தப் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் இருந்துதான் பிரித்து எடுக்கப்படுகிறது. இங்கே பெயர் இல்லாத நீங்கள் அந்தக் கவுன்சிலருக்கு வாக்காளரே இல்லை. வாடகைக்கு இருக்கும் லட்சக்கணக்கானவர்களின் குரல் நகரத்தில் எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒரு தவறு மட்டும் செய்துவிடாதீர்கள். நூற்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். புது இடத்தில் புதிதாகப் பதிவு செய்வோம் என்று படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். படிவம் 6 என்பது பட்டியலில் எங்கேயுமே பெயர் இல்லாதவருக்கு. அதன் உறுதிமொழியில், வேறு எந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். ஊரில் பெயர் இருக்கும்போது அப்படிப் போட்டால் அது பொய் உறுதிமொழி. 31-ஆவது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் பெயர் இரண்டு தொகுதியில் இருக்கக் கூடாது, ஒரே தொகுதியில் இரண்டு முறையும் இருக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, தெரியாமல்தான் செய்கிறார்கள். உங்களுக்கானது படிவம் 8. 2022 ஆகஸ்ட் முதல் முகவரி மாற்றம், பிழை திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்வது, எல்லாமே அந்த ஒரே படிவம்தான். ஊரில் பெயர் தானாக நீங்கும், அட்டை எண் மாறாது. முதலில் தேடிப் பார்த்தபோது உங்கள் பெயர் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தால் மட்டும் படிவம் 6.

முகவரிச் சான்றுக்கு வாடகைக்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஈபி பில் வீட்டு ஓனர் பெயரில் இருக்கும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்துக்கு ஓனர் சம்மதிக்க மாட்டார். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறினால் வீட்டை உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்று பயப்படுகிற ஓனர்கள் நிறைய. வாக்காளராகப் பதிவதால் வீட்டின் மேல் எந்த உரிமையும் வராது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வழி உண்டு: உங்கள் பெயரில் உள்ள கேஸ் பில், முகவரி மாற்றிய ஆதார், வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று போதும். மனைவி அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருந்தால், அவர் பெயரில் இருந்தாலும் ஏற்பார்கள். ஆதார் எண் கொடுப்பது கட்டாயம் என்று யாராவது சொன்னால், அது விருப்பத்தின்பேரில்தான் என்று சொல்லுங்கள்.

ஒரு சான்றும் இல்லாதவருக்கும் இடம் உண்டு. நடைபாதையில் வாழ்பவர், தான் தூங்கும் இடத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பகுதியின் பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய், அவர் உண்மையிலேயே அங்கே படுக்கிறாரா என்று ஒரு நாளுக்கு மேல் பார்த்துவிட்டுப் பரிந்துரைக்க வேண்டும், காகிதம் கேட்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. அப்படி ஒரு இரவு நானும் கூடப் போயிருக்கிறேன். மூடிய கடையின் ஷட்டருக்கு முன்னால் ஒரு குடும்பம். தலைமாட்டில் ஒரு டிரங்குப் பெட்டி, மேலே கொசுவலைக்குப் பதில் ஒரு பழைய சேலை. பெயரைக் கேட்டு எழுதியபோது அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். விலாசம் என்ற கட்டத்தில் அந்தக் கடையின் கதவு எண்ணுக்கு எதிரில் என்று எழுதினோம்.

உங்கள் தம்பியின் வயதுக்கு வருவோம். 1989-க்கு முன் வாக்களிக்க 21 வயது ஆக வேண்டும். 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் அதை 18 ஆக்கியது. ஆனாலும் நீண்ட காலம் தகுதி நாள் ஜனவரி 1 மட்டும்தான். ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளை முழுதாக ஒரு வருடம் காத்திருக்கும். 2021-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். உங்கள் தம்பிக்கு ஆகஸ்டில் 18 முடிந்தால் அக்டோபர் 1 அவருடைய தகுதி நாள். 17 முடிந்தவுடனே முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம், நாள் வந்ததும் பெயர் ஏறும். கல்லூரி விடுதியில் இருக்கிறார் என்றால், வீட்டு முகவரியா விடுதி முகவரியா என்பது அவர் விருப்பம். விடுதி என்றால் கல்லூரி முதல்வரிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டும்.

பிறந்த தேதியில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பழைய தலைமுறையில் பள்ளியில் சேர்க்க வந்தபோது ஹெட்மாஸ்டரே மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஆதாரில் வருடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று விழுந்திருக்கும். தம்பிக்கு அப்படி எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் மூன்றிலும் ஒரே தேதியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெயரையும் அப்படியே பாருங்கள். ஆன்லைனில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் தானாக விழும். அதில் தமிழ்ச்செல்வி "தமில்செல்வி" ஆகிவிடுவார், வள்ளி "வல்லி" ஆகிவிடுவார். சமர்ப்பிக்கும் முன் தமிழ்க் கட்டத்தைக் கையால் திருத்தலாம், யாரும் செய்வதில்லை. இனிஷியல் இன்னொரு தொல்லை. ஒரு ஆவணத்தில் "சு.", இன்னொன்றில் "எஸ்.", மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. கல்யாணமான பெண்களுக்கு அப்பா பெயரா கணவர் பெயரா என்ற குழப்பம் வேறு. சின்ன எழுத்துப் பிழைக்காகப் பூத்தில் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, ஆள் அடையாளம் தெரிந்தால் போதும். ஆனாலும் பெயர் சரியாக இருப்பது ஒரு மரியாதை. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் ஏற்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அந்த எண்ணிக்கையைப் படித்த பிறகு, பெண்களின் விண்ணப்பங்களில் பெயர்க் கட்டத்தை இரண்டு முறை பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

மைத்துனர் விஷயம் சுருக்கம். துபாயில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பதால் அவர் படிவம் 6ஏ வழியாக வெளிநாடு வாழ் வாக்காளர் ஆகலாம். பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியின் தொகுதியில், அந்தப் பகுதிக்கான பட்டியலின் கடைசியில் தனியாகப் பெயர் வரும். அவருக்கு வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தால்தான் ஓட்டு. தூதரகப் பணியில் இருப்பவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் உள்ள அஞ்சல் வசதி, அங்கே கட்டட வேலையும் கடை வேலையும் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இல்லை. டிக்கெட் விலையை நினைத்தால் இது பேருக்கு இருக்கும் உரிமைதான். மாற வேண்டும் என்று நான் ஆசைப்படும் விதிகளில் இது முதலாவது.

காலக்கெடு பற்றி ஒரு வார்த்தை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்தபின் அந்தத் தேர்தலுக்கு எந்தப் பெயரும் சேராது. விண்ணப்பம் வந்தால் ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட வேண்டும். ஆகவே மனுத் தாக்கல் முடிய குறைந்தது பத்து நாளுக்கு முன்பாவது உங்கள் படிவம் போயிருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடிவருபவர்கள்தான் அதிகம். தாலுகா அலுவலகத்தில் அந்த வாரம் நிற்க இடம் இருக்காது.

கொடுத்தவுடன் வரும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார். பெரும்பாலும் அவர் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் அல்லது பள்ளி ஆசிரியர். தன் வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறவர், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். விண்ணப்பத்தை மறுத்தால், வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு, அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் மேல்முறையீடு. இறந்தவர் பெயரைத் தவிர, இருக்கிற பெயரை நீக்குவதற்கு முன் அந்த நபருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 22-ஆவது பிரிவே சொல்கிறது. நான் முதலில் சொன்ன அந்த அம்மாவுக்கு நோட்டீஸ் ஒன்று எழுதப்பட்டது உண்மை. பூட்டிய கதவில் ஒட்டப்பட்ட அந்தக் காகிதத்தை அவர் பார்க்கவே இல்லை. வெளியூரில் சில மாதம் இருக்கப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது இதற்காகவும்தான்.

வாக்குப்பதிவு நாளில் பூத் சிலிப் மட்டும் கொண்டுபோகாதீர்கள், 2019 முதல் அது அடையாளச் சான்று ஆகாது. உங்கள் பெயரில் வேறு யாரோ வாக்களித்துவிட்டார்கள் என்று தெரியவந்தால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அவர் என்று தலைமை அலுவலரிடம் நிரூபித்து, விதி 49P-யின்படி டெண்டர் வாக்குச் சீட்டு கேளுங்கள். இயந்திரத்தில் அல்ல, தாளில் வாக்களித்து உறையில் வைப்பார்கள்.

கடைசியாக உங்கள் அப்பா. இறந்தவர் பெயரை நீக்க படிவம் 7, கூடவே இறப்புச் சான்றிதழின் நகல். நிறையக் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போடுகின்றன, சோம்பலால் அல்ல. அந்தப் பெயர் அங்கேயாவது இருக்கட்டும் என்று ஒரு மனசு. ஆனால் அப்படி நிற்கும் பெயரில்தான் வேறொருவர் வந்து வாக்களிக்கப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பெரியம்மா கணவரின் பெயரை நீக்கப் படிவம் கொடுத்துவிட்டு, ஜன்னலை விட்டு நகராமல் நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். அவரும் கணவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்க்கணும் என்றார். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் இருக்கும் படத்தோடு கூடிய பட்டியலை எடுத்துக் காட்டினோம். வரிசை எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அம்மா கேட்டால், படிவம் கொடுக்கும் முன் அவருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.